எல்லாருக்கும் இருபது

நைட் டூட்டி பாத்தவங்களுக்கு ராத்திரி ரெண்டு மணி ரவுண்டுன்னா என்னன்னு தெரியும். ஆண்கள் மெடிக்கல் வார்டு, 32 பெட்டு, நாங்க ரெண்டே பேரு, அதுலயும் அட்மிஷன் வந்தா ஒருத்தி அங்க ஓடிடுவா. பிபிக்கு மெஷின் இருக்கு, பல்சுக்கும் ஆக்சிஜனுக்கும் விரல்ல மாட்டுற கிளிப்பு இருக்கு, மூச்சுக்கு மட்டும் எங்க வார்டுல ஒண்ணும் கெடையாது, நாமதான் பக்கத்துல நின்னு நெஞ்சு ஏறி இறங்குறத ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். பெரியவங்களுக்கு நார்மல் 12லேர்ந்து 20. யாரு எண்ணுறா? 20ன்னு எழுதிட்டு அடுத்த பெட்டு. நானும் அப்படித்தான், ரெண்டு வருஷம்.

இத்தனைக்கும் நான் காலைல ஜெபம் பண்ணாம பஸ் ஏற மாட்டேன். சர்ச்ல பாடகர் குழுவுல இருக்கேன். பிளஸ் டூ லீவுல வாலிபர் முகாம்ல, முழு இருதயத்தோட ஆண்டவர பின்பற்ற யாரெல்லாம் ஒப்புக்கொடுக்குறீங்கன்னு கேட்டப்போ அழுதுகிட்டே கை தூக்குனவ. முழு இருதயம்னா எனக்கு அப்போ முழுநேர ஊழியம்தான், எல்லாத்தையும் விட்டுட்டு வடக்க எங்கயாவது மிஷனரியா போறது. வீட்ல கடன், அதனால நர்சிங் முடிச்ச கையோட வேலைக்கு வந்துட்டேன். ஆண்டவருக்கு குடுத்த வாக்க பாதில விட்டுட்டோமேன்னு உள்ளுக்குள்ள குத்திகிட்டே இருக்கும். குத்த வேண்டிய எடத்துல மட்டும் ஒண்ணும் குத்தல பாருங்க.

14ம் பெட்டு தாத்தா சளி காய்ச்சல்னு சேந்தவரு, என்னைய தாயின்னுதான் கூப்பிடுவாரு. அன்னைக்கு ரெண்டு மணிக்கு "தூக்கமே வரல தாயி"ன்னாரு, "கண்ண மூடிப் படுங்க தாத்தா, வரும்"னு சொல்லிட்டு 20 எழுதிட்டு போயிட்டேன். ஆறு மணிக்கும் 20. காலைல டூட்டி மாத்த வந்த சீனியர் சிஸ்டர் அவரு பக்கத்துல நின்னாங்க, பல்ஸ் பாக்குற மாதிரி கைய புடிச்சுகிட்டு வாட்ச்சையும் நெஞ்சையும் மாத்தி மாத்தி பாத்தாங்க (மூச்ச எண்ணுறோம்னு தெரிஞ்சா ஆளுங்க மூச்ச மாத்திடுவாங்க, அதுக்குத்தான் இந்த வித்தை, எனக்கும் காலேஜ்ல சொல்லிக் குடுத்ததுதான்). 34. அப்புறம் அக்கம்பக்கத்து பெட்டு சார்ட்டையெல்லாம் எடுத்துப் பாத்தாங்க. 20, 20, 20.

"ஏம்மா, வார்டே தாளம் போட்டு மூச்சு விடுதா?"

அவ்வளவுதான், சத்தம்கூட போடல. நிமோனியா, கையோட ஐசியூவுக்கு தூக்குனாங்க. உடம்பு மோசமாகும்போது பிபி விழறதுக்கு முன்னாடியே பல நேரம் மூச்சுதான் ஏறும், இத பரீட்சைல எழுதி மார்க் வாங்குனவதான் நான்.

அந்த வாரம் பைபிள் வாசிப்பு வரிசைல 2 நாளாகமம் 25 வந்துச்சு, யூதா நாட்டு ராஜா அமத்சியாவோட கதை. ரெண்டாவது வசனத்துலயே நின்னுட்டேன். கர்த்தர் பார்வைக்கு செம்மையானதத்தான் செஞ்சான், ஆனா முழுமனசோட செய்யலன்னு போட்டிருக்கு. கெட்ட ராஜா இல்ல அவன், அப்பாவ கொன்னவங்கள தண்டிச்சப்போ மோசேயோட சட்டமான நியாயப்பிரமாணத்துக்கு பயந்து அவங்க பிள்ளைகள விட்டுட்டவன். யுத்தத்துக்கு 100 தாலந்து (அந்தக் காலத்து எடைக் கணக்கு) வெள்ளி குடுத்து இஸ்ரவேல்லேர்ந்து லட்சம் பேர கூலிக்கு எடுக்குறான், தேவமனுஷன் ஒருத்தர் வந்து அவங்க வேணாம்னு சொன்னதும் முதல்ல கேக்குறது, அப்போ குடுத்த 100 தாலந்துக்கு என்ன பண்றதுன்னு. அனுப்பவும் அனுப்பிடுறான், ஆனா கணக்கு போட்டுட்டுதான் அனுப்புறான். ஜெயிச்சு வரும்போது தோத்தவங்களோட தெய்வங்களையே தூக்கிட்டு வந்து கும்பிடுறான், பிரசங்கத்துல எல்லாரும் இதத்தான் பெருசா பேசுவாங்க. எனக்கு அந்த 100 தாலந்துதான் உறுத்துச்சு. நானும் கணக்கு போட்டவதானே, ஆளுக்கு ஒரு நிமிஷம்னா 32 நிமிஷம், ரவுண்டு எப்போ முடியும்னு. முழு இருதயத்துக்கு காலேப்பத்தான் சொல்லுவாங்க, 85 வயசுல அரணான பட்டணங்க இருக்குற மலைநாட்ட எனக்கு குடுன்னு கேட்ட மனுஷன், அவரு நமக்கு ரொம்ப ஒசரம். அமத்சியா எங்க டூட்டி ரூம்லயே உக்காந்திருக்குற ஆளு.

ஒம்பது நாள் கழிச்சு தாத்தா வார்டுக்கு திரும்பி வந்தாரு. "நீயெல்லாம் பாத்துக்கிட்டதுனாலதான் பொழச்சேன் தாயி"ன்னாரு. சீனியர் சிஸ்டர்ட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன், தாத்தாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. வாய் வரல.

இப்போ எண்ணுறேன். எல்லா நாளும் எண்ணுறேன்னு சொன்னா அது இன்னொரு 20தான். போன வாரம் அடுத்தடுத்து ரெண்டு அட்மிஷன், 9ம் பெட்டுல கை தானா 20 எழுதிடுச்சு, 10ம் பெட்டுக்கு போய் பிபி கஃப்ப சுத்தும்போதுதான் உறைச்சுது. திரும்பி வந்து, தூங்குற மனுஷனோட நெஞ்ச பாத்து நின்னு எண்ணுனேன். 18 இருந்துச்சு. சார்ட்ல வைட்னர் போடக்கூடாது, தப்பா எழுதுனது படிக்கிற மாதிரியே இருக்கணும். 20 மேல ஒத்தக் கோடு, பக்கத்துல 18, சைன், டைம் 2.40.