சாரல் காலத்துக் குறிப்புகள்

மே 31

காலையில் மாடிக்குப் போனால் தாடகை மலையைக் காணவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கிக் கிடக்கிறது. மலையடிவாரத் தென்னைகள் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடாகத் தெரிந்தன. எனக்கு வருஷம் இன்றுதான் தொடங்குகிறது.

ஆகஸ்ட் 23, 24, 25 மூன்று நாளும் நாகர்கோவிலில் என் நீர்வண்ணப் படங்களின் கண்காட்சி. அரங்கத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. 22 படம் வேண்டும், கையில் 13 இருக்கிறது. மீதி ஒன்பதும் வெளியில் நின்றே வரைய வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். போட்டோ பார்த்து வரைவதில்லை.

இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியவர் சி. ராஜராஜ வர்மா. ரவிவர்மாவின் தம்பி. அண்ணனுக்கு உருவங்கள், தம்பிக்கு நிலக்காட்சி. 1860-ல் பிறந்து 1905-ல் மறைந்த அவர், அண்ணனோடு ஊர் ஊராகப் போய் வரைந்த நாட்களை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அன்றைக்கு எங்கள் மண்ணும் திருவிதாங்கூர்தான். நிலக்காட்சிக்காரர் ஒருவர் இங்கே நூறு வருஷத்துக்கு முன்பே நாள் தவறாமல் எழுதினார் என்ற நினைப்பே எனக்குப் பெரிய தெம்பு.

ஜூன் 5

முட்டம். விடிவதற்கு முன் முதல் பஸ்.

மேற்குக் கரையில் 1-ஆம் தேதி விசைப்படகுத் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது, ஜூலை 31 வரை. கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வரும். அங்கே ஏப்ரல் 15-ல் தொடங்கியது ஜூன் 14-ல் முடியும். ஆக இந்த இரண்டு வாரம் மாவட்டத்தின் இரண்டு பக்கமும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களில் ஒரு படகை வரைந்து முடிப்பதற்குள் அது கிளம்பிவிடும். இப்போது நாள் முழுக்க அசையாமல் நிற்கிறது. அது எனக்கு வசதி. அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதையும் நினைக்காமல் அங்கே நிற்க முடியவில்லை.

வானத்துக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாக் காவியும் மட்டும். இரண்டையும் கலந்தால் வரும் சாம்பலில் நீலம் கொஞ்சம் தூக்கினால் மழை மேகம், காவி தூக்கினால் கடலோர மண். அல்ட்ராமரீன் பொடி தாளின் குழிகளில் போய் உட்காரும். காய்ந்த பிறகு பார்த்தால் வானம் முழுக்கச் சாரல் தூவியது போலிருக்கும். ஆனால் முட்டத்துக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். வெயில் காலத்தில் ஐந்து நிமிஷத்தில் மறையும் ஈரப் பளபளப்பு இன்று இருபது நிமிஷம் தாளில் நின்றது. மேகத்தின் ஓரம் மெத்தென்று வர வேண்டுமானால் அந்தப் பளபளப்பு மங்கத் தொடங்கும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்துத் தண்ணீர்த் தூரிகையால் தொட்டுவிட்டேன். வலது மூலையில் காலிஃபிளவர் மாதிரி ஒரு பூ விரிந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

மீன் கூடையோடு வந்த அக்கா ஒருத்தி வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், இது கலங்கல் தண்ணி. நீலமா போட்டுராதிய."

நான் அப்போது கோபால்ட் நீலத்தைத்தான் குழைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துவிட்டு ராவ் சியன்னா என்ற மஞ்சள் காவியை எடுத்தேன். அவள் சொன்னதுதான் சரி.

ஜூன் 13

எட்டு நாளாக மழை. தாள் காயவில்லை. ஹேர் டிரையர் பிடித்தால் பொடி படியும் அழகு போய்விடுகிறது. காத்திருக்கிறேன்.

ஜூன் 21

ஆரல்வாய்மொழி. முப்பந்தலில் காற்றாலைகளை எதற்காக நட்டார்கள் என்பதை, படப் பலகை வைக்கும் முக்காலியை விரித்த உடனே கண்டுகொள்ளலாம். கணவாய் வழியாக வரும் காற்று, மேற்கே பெய்த மழையின் குளிரைச் சுமந்துகொண்டு வருகிறது. முக்காலியின் நடுக்கொக்கியில் கல் கட்டிய பையைத் தொங்கவிட்டுத்தான் நிற்பேன். இன்று பையோடு சேர்த்துத் தூக்கியது. பலகை பறந்து தாள் முகங்குப்புற மண்ணில் விழுந்தது. ஈர வண்ணத்தில் செம்மண் துகள் ஒட்டிக் காய்ந்துவிட்டது. துலக்கிப் பார்த்தேன், போகவில்லை. இதை விற்க மாட்டேன், என் மேஜைக்கு மேலே மாட்டிவைப்பேன்.

ஜூலை 3

மணக்குடிப் படம் திரும்பி வந்தது.

ஆசிரியர் தம்பதி ஒருவர் என்னிடம் வாங்கியது. வருஷம் எனக்கே நினைவில்லை. பின்பக்கத்தில் கையெழுத்து மட்டும்தான் போட்டிருந்தேன், தேதி இல்லை. பழையாறு கடலில் சேரும் கழிமுகம், ஒரு வள்ளம், சாயங்கால வானம். படம் முழுக்கத் தேயிலைக் கறை போலப் பழுப்புப் புள்ளிகள்.

சட்டத்தைப் பிரித்தேன். பின்னால் வெறும் ஹார்டுபோர்டு. பார்சல் கட்டும் பழுப்பு டேப்பை நேராகத் தாளிலேயே ஒட்டியிருக்கிறது. அட்டையின் அமிலம் தாளுக்குள் இறங்கியிருக்கிறது. கண்ணாடி தாளைத் தொட்டுக்கொண்டே இருந்ததால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடித்திருக்கிறது. சட்டம் போட்ட கடையைக் குறை சொல்லமாட்டேன். என்ன அட்டை போடுகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டியது நான்.

அதைவிட வேதனையான விஷயம் ஒன்று உண்டு. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை எடுத்ததும் படத்தின் நான்கு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை தெரிந்தது. வெளிச்சம் படாமல் அட்டைக்கு அடியிலேயே இருந்த பட்டை. அதில் வானம் நல்ல ரோஜாச் சிவப்பு. நடுவிலோ அந்தச் சிவப்பு வெளிறி வெறும் மஞ்சள்தான் மிச்சம். அன்றைக்கு அலிசரின் கிரிம்சன் போட்டிருந்தேன். வெளிச்சத்தில் நிற்காத வண்ணம் என்று பிறகுதான் படித்தேன். இப்போது அந்த இடத்தில் குவினாக்ரிடோன் சிவப்பு மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

"புதுசா ஒண்ணு வரைஞ்சு தாறேன், இத எனக்கிட்ட விட்டுருங்க" என்றேன்.

அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம் டீச்சர். நாங்க இதப் பாத்துப் பழகியாச்சு. இதையே சரியாக்கித் தாங்க."

பருத்திக் கூழ் மவுண்ட், அமிலம் இல்லாத பின்னட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி, சுவரில் படாமல் காற்று போக சட்டத்தின் பின்னால் இரண்டு ரப்பர் குமிழ். என் செலவில் செய்து கொடுத்தேன். குளியலறைச் சுவரின் பின்பக்கத்தில் மாட்ட வேண்டாம், ஜன்னல் வெயில் படும் இடத்திலும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நம் ஊரில் படம் வாங்குகிறவர்களுக்கு இதை விற்கும்போதே சொல்வது வரைந்தவர் கடமை.

இனி ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஊர், தேதி, நேரம், போட்ட வண்ணங்கள் இருக்கும். பென்சிலில். மை ஊறி முன்பக்கம் வரலாம்.

ஜூலை 16

என்னிடம் படம் வாங்கிய ஒருவர் அதைத் தன் நிறுவனக் காலண்டரில் போடப்போவதாக போன் செய்தார். படம் அவருடையது, ஆனால் அச்சிடும் உரிமை எழுதிக் கொடுத்தால்தான் அவருக்குப் போகும் என்றேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதிலேயே 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூலப் படம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் வரைந்தவருக்கும் அதில் ஒரு பங்கு கேட்க உரிமை உண்டு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தொகை பேசி எழுதிக்கொண்டோம். தெரியாததால்தான் கேட்காமல் போடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 22

22 படமும் சுவரேறிவிட்டன. படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். அரங்கத்தின் டியூப் லைட்டில் முட்டத்து வானம் செத்துப்போனது. ஜன்னல் பக்கம் மாற்றி மாட்டிய பிறகுதான் உயிர் வந்தது.

ஆகஸ்ட் 23

நல்ல கூட்டம். பாதிப் பேர் கேட்ட கேள்வி, "வள்ளுவர் சிலை இல்லியா?" 133 அடிச் சிலையையும் அதற்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் பார்க்கவே ஊருக்கு ஆள் வருகிறது, கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு மூலையை விட்டால் இந்த மாவட்டத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னால் முடிந்த பதில் சுவரில் இருக்கிறது.

குலசேகரம் பக்கத்து நர்ஸ் பெண் ஒருத்தி ரப்பர் தோட்டப் படத்துக்கு முன்னால் நின்றபடியே நின்றாள். வெட்டம் வருவதற்கு முந்திய நேரம், மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு நெற்றி விளக்கு. "இது எங்க அம்மைக்க லைட்டு" என்றாள். அம்மா பால் வெட்டப் போனவர். அவள் வாழ்க்கையில் வாங்கும் முதல் படம். மூன்று தவணையில் தருகிறாள். விற்றாயிற்று என்பதற்கு அடையாளமாக நானே சிவப்புப் பொட்டு ஒட்டினேன்.

ஆகஸ்ட் 24

மத்தியானம் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒரு பெரியவர் வந்தார். தேரூர்ப் பக்கம். பேத்தி கூட்டி வந்திருக்கிறாள். மற்ற படங்களைத் தாண்டி நேராகக் குளத்துப் படத்துக்குப் போனார். தேரூர் தாண்டி ஒரு சின்னக் குளம். கரை, ஒற்றைப் பனை, கல்மடை, அந்தப் பக்கம் வயல். நேற்றே விற்றுவிட்டது, சென்னையில் இருந்து வந்தவர் வாங்கினார்.

"இது நம்ம கொளமாக்கும்" என்றார் பெரியவர். முகத்தில் சந்தோஷம். அப்புறம் கிட்டே போய்க் குனிந்தார். சந்தோஷம் போய்விட்டது.

"மடைய எடம் மாத்திட்டியளே."

உண்மை. அங்கே மடை பனைக்கு நேர் கீழே வலப்பக்கம் இருக்கிறது. நான் நின்ற இடத்தில் பார்த்தால் தாளுக்கு நட்டநடுவில் விழும், படம் இரண்டாகப் பிளந்துபோகும். அதனால் இடப்பக்கம் தள்ளிப் போட்டேன்.

"படத்துக்கு அப்படி இருந்தா நல்லாயிருக்கும்னு நெனச்சேன் பாட்டா."

"அங்கண மடை இருந்தா தண்ணி மேட்டுக்கா போவும்? எடப்பக்கம் வயலு ஒயரம். பள்ளத்துல இருக்கதுக்குத்தான மடை." கோபமில்லை, புரியவைக்கும் குரல். "மறுகால் மட்டும் சரியா போட்டுருக்கிய."

மறுகால் என்றால் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம். நான் பதில் சொல்லவில்லை. அவர் மற்றப் படங்களையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் இந்தப் பக்கம் வந்து வரைந்த படங்களில் ஒன்றுக்குக் கன்னியாகுமரி முனை என்று பெயர். தலைப்பிலேயே களக்காட்டுக்கு அருகிலிருந்து எடுத்தது என்றும் இருக்கும். களக்காடு எங்கே, குமரி எங்கே! மாணவிகளிடம் அந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம், வெளியூர்க்காரர்களுக்கு மலையும் தண்ணீரும் அழகாக இருந்தால் போதும், எந்த ஊர் என்பது இரண்டாம்பட்சம் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களாவது எங்கிருந்து வரைந்தோம் என்று எழுதிவைத்தார்கள். நான் உள்ளூர்க்காரி. அந்தக் குளத்துத் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 25

முடிந்தது. ஏழு படம் விற்றது. வாங்கியவர்களில் நான்கு பேர் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருப்பவர்கள், ஊரைச் சுவரில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள். அவர்களுக்குத் தப்பான ஊரைக் கொடுக்கக் கூடாது.

ஆகஸ்ட் 30

விடியுமுன் குளத்தங்கரை. பழைய இடத்திலேயே நின்றேன். மடை நடுவில்தான் விழுகிறது. பனைக்கும் அதற்கும் ஒரே நேர்கோடு. பென்சிலில் மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்தேன், எதுவும் அமையவில்லை.

பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்தேன். நாற்பது எட்டு இருக்கும். திரும்பிப் பார்த்தால் மடை வலது மூன்றில் ஒரு பாகத்துக்கு வந்துவிட்டது, பனை அதை விட்டு விலகி நின்றது. முன்பு நின்ற இடத்திலிருந்து தெரியாத ஒன்றும் தெரிந்தது. மடையிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஓடையாகச் சரிந்து பள்ளத்து வயலுக்குள் இறங்குகிறது. கன்னிப்பூ போகத்து நெல் அறுவடை நடக்கும் வயல் மஞ்சளாகவும், தாமதமாக நட்ட வயல் இன்னும் பச்சையாகவும் கிடக்க, ஓடை இரண்டுக்கும் நடுவே போகிறது. தண்ணீருக்குத் தாளின் வெண்மையையே விட்டேன். வண்ணமே போடவில்லை. மடைக் கல்லின் ஈரப் பாதிக்கு இண்டிகோ, காய்ந்த பாதிக்கு வெறும் காவிச் சாம்பல். நத்தைகுத்தி நாரை ஒன்று மறுகால் பக்கம் நின்றது. அதையும் நின்ற இடத்திலேயே வைத்தேன்.

ஏழரைக்கு வெட்டம் தட்டையாகிவிட்டது. தூரிகையைக் கழுவும்போது பெரியவர் களத்திலிருந்து வந்தார். தலைத்துண்டில் வைக்கோல். ஈரப் படத்தை வெகு நேரம் பார்த்தார். ஓடையின் மேல் படாமல் விரலைக் காற்றில் கீழ்நோக்கி இழுத்தார், மடையிலிருந்து வயல் வரை.

"ம். போவுது" என்றார். "சாயா குடிச்சிட்டுப் போங்க."

செப்டம்பர் 4

சென்னைக்காரருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். வேண்டுமானால் புதுப் படத்தை மாற்றித் தருகிறேன் என்றேன். அவருக்குப் பழையதே போதுமாம். அவர் இஷ்டம்.

பார்சல் கட்டும் முன் சட்டத்தின் பின்னட்டையைத் திறந்து, தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். தேரூர் அருகே. ஜூலை 27, காலை 6.40. அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா, ராவ் சியன்னா, இண்டிகோ. மடை உண்மையில் வலப்பக்கம், பனைக்கு நேர் கீழே.