ஒன்பது லட்சம் பேருக்குத் தைத்த சட்டை

கிளீவ்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன் கேட்ட முதல் கேள்வி: "அங்கேயா? ஆறு தீப்பிடிச்ச ஊராச்சே!" அவன் அமெரிக்கா வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. கிளீவ்லாந்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

தீப்பிடித்தது உண்மைதான். 1969 ஜூன் 22 அன்று கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு பற்றிக்கொண்டது. அரைமணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரிய சேதியே இல்லை. அதற்கு முன்பே பத்துத் தடவைக்கு மேல் எரிந்த ஆறு. ஆனால் அந்த முறை நாடே திரும்பிப் பார்த்தது. 1972ல் தண்ணீரைச் சுத்தமாக வைக்கச் சட்டம் வந்ததில் அந்த நெருப்புக்கும் பங்கு உண்டு. 2019ல் அந்த ஆற்று மீனைச் சாப்பிடலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. சித்தப்பா மகனுக்கு அது மட்டும் தெரியாது.

நாங்கள் வந்து இறங்கியது ஒரு பிப்ரவரி. டாக்சிக்குக் காசு செலவழிக்க மனசில்லாமல் விமான நிலையத்திலிருந்தே ரயில் ஏறினோம். நகர மையத்திலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் விட்ட முதல் அமெரிக்க நகரம் இதுதான், 1968லேயே. எங்கள் பெட்டியில் என்னையும் மனைவியையும் நாலு வயது மகளையும் நாலு சூட்கேஸையும் தவிர, தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும். ஜன்னலில் தொழிற்சாலைகளின் முதுகுப்புறம் ஓடிக்கொண்டே இருந்தது. இறங்கிய ஸ்டேஷனுக்கு மேலே டெர்மினல் டவர் நின்றது. 52 மாடி, 1930ல் திறந்தது. 1964 வரை நியூயார்க்குக்கு வெளியே அமெரிக்காவில் இதைவிட உயரமான கட்டடம் கிடையாது. சாயங்காலம் ஐந்தரை மணி. நடைபாதையில் ஆளே இல்லை. "இன்னைக்கு ஏதாவது பந்த்தா?" என்றாள் மனைவி.

நம் வீடுகளில் வளர்கிற பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார்கள். இங்கே கதை தலைகீழ். சட்டை சரியாகத்தான் தைத்திருந்தார்கள், உடம்பு இளைத்துவிட்டது. 1920ல் அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரம். 1950ல் 9,14,808 பேர். 2020 கணக்கெடுப்பில் 3,72,624. எஃகு ஆலைகள் சுருங்கின, நெடுஞ்சாலைகள் வந்தன, வசதி உள்ளவர்கள், முதலில் வெள்ளையர்கள், புறநகர்களுக்குப் போனார்கள். 1978 டிசம்பரில் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் நகரமே கைவிரித்தது. அதே 1978ல்தான் இங்கே தியாகராஜ ஆராதனையும் தொடங்கியிருக்கிறது. நான் திருவையாற்றுக்காரன். சொந்த ஊரில் ஆராதனை நடக்கிற நாளெல்லாம் கூட்டத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தவன், இங்கே ஈஸ்டர் சமயத்தில் பல்கலைக்கழக அரங்கத்துக்குக் காரோட்டிப் போய் பஞ்சரத்னத்துக்கு இடம் பிடித்தேன்.

எங்கள் ஜில்லாப் பக்கத்து ஆள் இன்னொருவரும் எனக்கு முன்னே வந்திருக்கிறார். ஆர்ட் மியூசியத்தில் சோழர் காலத்து நடராஜர். டெர்மினல் டவர் திறந்த அதே 1930ல் வந்து சேர்ந்தவர். கையில் பணம் புரண்ட காலத்தில் இந்த ஊர் எதையெல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறது பாருங்கள்! அந்த மியூசியத்துக்கு இன்றைக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு வார நாளில் போனால் நடராஜரும் நீங்களும் ஒரு காவலாளியும்தான். எங்கள் பக்கத்துக் கோயில் எதிலும் அவ்வளவு நிதானமான தரிசனம் எனக்குக் கிடைத்ததில்லை.

எனக்கு ஆறாத ஒரு விஷயம் ஏரி. ஈரி ஏரி என்று சொல்லும்போதே நாக்கு வழுக்கும். மறுகரை தெரியாத தண்ணீர். திருவையாற்றில் எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் ஒரு படித்துறை காலில் இடறும். இங்கே நகர மையத்திலிருந்து ஏரியைப் பார்க்கப் போனால் முதலில் தண்டவாளம், அப்புறம் நெடுஞ்சாலை, அதையும் தாண்டினால் சிறு விமானங்கள் இறங்கும் ஒரு விமான நிலையம். 1947லிருந்து கரையை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அதை மூடலாமா வேண்டாமா என்று பேச்சு மட்டும் ஓய்வதில்லை. ஏரிக்கு அடியில் சுமார் 1,800 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுவதற்கான உப்பு அங்கிருந்து வருகிறது. முதல் வருஷம் ஏரியிலிருந்து எனக்கு ஒழுங்காகக் கிடைத்தது, பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகப் பூத்த அந்த உப்புக் கறைதான்.

குளென்வில் பகுதியில் ஒரு மாடி வீட்டின் மேல் போர்ஷனில் குடியிருந்தோம். பக்கத்தில் காலி மனை. அங்கே வீடு இருந்ததற்கு ஒரே சாட்சி, நடைபாதையிலிருந்து ஏறும் மூன்று சிமெண்டுப் படிகள். ஏறினால் புல்தரை. மகளுக்கு அந்தப் படிகள்தான் கடை, பள்ளிக்கூடம், பஸ், எல்லாமே. மனைக்கு அந்தப்பக்கத்து வீட்டில், எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு கறுப்பினப் பெரியவர். யாரும் சொல்லாமலே அந்த மனையில் புல் வெட்டுவார், ஓர் ஓரத்தில் பீன்ஸும் ஒருவகைக் கீரையும் போட்டிருந்தார். "இது வரவேற்பறை, நீ நிற்கிறது சமையலறை" என்று இடிந்த வீட்டைக் கையால் வரைந்து காட்டுவார். என்னை 'யங் மேன்' என்பார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு.

முதல் பனியில் கார் சக்கரம் சிக்கியபோது, ஆக்சிலேட்டரை மிதிக்காதே என்று அதட்டிவிட்டு, சாம்பல் வாளியைக் கொண்டுவந்து டயருக்கு முன்னால் தூவினார். இரண்டாவது முயற்சியில் கார் நகர்ந்தது.

மூன்று வருஷம் இருந்தோம். அதற்குள் மகள் பள்ளி வயதுக்கு வந்துவிட்டாள். அப்புறம் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். நம்மவர்கள் சோலன், ஸ்ட்ராங்ஸ்வில் என்று புறநகர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம் தேடிப் போகிற வழியிலேயே நாங்களும் சோலனுக்குப் போய்விட்டோம். ஊர் ஏன் நிரம்பவில்லை என்று நண்பர்கள் வீட்டு விருந்தில் நானும் பேசுகிறேன், வாயில் வடையோடு. இங்கே நகரங்களுக்கும் தனி வருமான வரி உண்டு; அது வேலை பார்க்கும் ஊருக்குப் போகும். ஆகவே என் சம்பளத்தில் இரண்டரை சதவீதம் இன்னும் கிளீவ்லாந்துக்குத்தான். சமாதானம் சொல்லிக்கொள்ள அது ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் மகளோடு பழைய தெருவுக்குப் போனேன். மேல் போர்ஷனில் 'வாடகைக்கு' போர்டு. படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கால் இடிக்கிறது என்று மகள் எழுந்துகொண்டாள். பெரியவர் ஒரு பிளாஸ்டிக் பையில் பீன்ஸ் பறித்துப் போட்டுக்கொண்டே மேலே ஜன்னலைக் காட்டினார்.

"யங் மேன், உங்க ஆளுங்க யாராவது வருவாங்களா?"

விசாரிக்கிறேன் என்றேன். பையை முடிச்சுப் போட்டு மகள் கையில் கொடுத்தார்.