ஏப்ரல் நாட்குறிப்பு: பெந்தோட்டைக்குப் போய் வந்தது

ஏப்ரல் 1, செவ்வாய்

தம்பி வந்து இன்று நான்காம் நாள். இன்னும் அவனுக்கு நேரம் சரிவரவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி முற்றத்தில் நடக்கிறான். இன்றைக்கு நானும் எழும்பினேன். படிக்கட்டில் இருந்து சிம்கோ ஏரியில் எடுத்த வீடியோ ஒன்று காட்டினான். ரொறொன்ரோவுக்கு வடக்கே இருக்கிற ஏரி. படகு முன்னால் போகிறது, பின்னால் ஒரு பலகையில் அவன், கையில் கயிறு. கொஞ்சத் தூரம் போனதும் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிட்டு வெறுங்கையோடு அலையில் நிற்கிறான். கயிற்றோடு போவது வேக்போர்ட், கயிற்றை விட்டுவிட்டு அலையில் போவது வேக்சர்ஃப் என்றான்.

நான் பார்த்தது அவனை அல்ல. படகில் ஒரு பெண் பின்பக்கம் திரும்பி இருந்தாள். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கிறார், இவள் பின்னால் மட்டும் பார்க்கிறாள். ஆர் இவ என்று கேட்டேன்.

"ஸ்பொட்டர் அக்கா. விழுந்தா ஓட்டுறவருக்குச் சொல்லுறதுக்கு. ஒராள் கட்டாயம் இருக்கோணும்."

அதற்கென்றே ஒராள்.

ஏப்ரல் 2

கொழும்புக்குத் தெற்கே பெந்தோட்டையில், வேக்போர்ட் பழக, அறை போட்டாயிற்று. அம்மாவிடம் கொழும்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ். அம்மா புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வாழையிலையில் கட்டித் தந்தா. வெள்ளிக்கிழமை, அதனால் மச்சம் இல்லை. பொதியைக் கையில் தரும்போது, "காலிமுகத்திடல் பக்கம் போகாதேங்கோ" என்றா. நான் ஓம் என்றேன். அந்தக் கொழும்புக் கடற்கரைக்குப் போகப் போவதில்லை, ஆகவே அது பொய் இல்லை. படலை வரைக்கும் இதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நீச்சலுடை என்னிடம் இல்லை. இறுக்கமான கறுப்புக் காற்சட்டையும் முழுக்கை ரீசேர்ட்டும் போதும் என்கிறான் தம்பி. அடியில் வைத்து மேலே சேலையை மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 5

கோட்டையில் இறங்கிக் கரையோர ரயில் ஏறி அளுத்கம. வலது பக்கம் முழுக்கக் கடல். நான் இடது பக்கம் இருந்தேன்.

பெந்தர கங்கை கடலில் விழுமுன்னர் அகன்று குளம்போல் நிற்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல்திட்டி. அந்தப் பக்கம் இரைச்சல், இந்தப் பக்கம் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாத தண்ணீர். கரை நெடுகக் கண்டல் மரங்கள். ஒரு கபரக்கொய்யா தலையை மட்டும் மேலே வைத்து மெல்ல நீந்திப் போனது. நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவிட்டபடி நின்றது. வடிவான இடம். இவ்வளவு வடிவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இறங்கவில்லை. மரப்பாலத்தில் காலைத் தொங்கவிட்டு இருந்தேன். தம்பி நான்கு தரம் போய் வந்தான். ஒவ்வொரு தரமும் பின்னால் பார்க்கிறவர் பார்க்கிறாரா என்று பார்த்தேன். பார்த்தார்.

ஏப்ரல் 6

பழக்கிவிடுகிற பொடியன் சிங்களவன், இருபத்திரண்டு வயதிருக்கும். 'நில்லுங்க', 'பயம் வேண்டாம்' இரண்டும் தமிழில் தெரியும். என்னை நேராக நிற்கச் சொல்லிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் முதுகில் மெல்லத் தள்ளினான். வலது கால் முன்னால் போனது. அதுதான் பலகையிலும் முன்னால் வருமாம். இடது கால் முன் வந்தால் ரெகுலர், வலது வந்தால் கூஃபி. எந்தக் கால் முன்னால் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது.

கரையில் அரை மணி நேரம். மல்லாந்து இருந்து முழங்காலை நெஞ்சோடு மடக்கி, நீட்டிய கையில் கைபிடி. அவன் கயிற்றை இழுக்க இழுக்க நான் எழும்பவேண்டும். சரி, தரையில் வந்தது.

பிறகு தண்ணீர். பலகையில் இரண்டு சப்பாத்துகள் பூட்டியிருக்கிறார்கள். நனைத்துத்தான் கால் நுழையும், நுழைந்தபின் கழற்ற உதவி வேண்டும். கால்கள் இரண்டும் ஒரு பலகையில் கட்டுப்பட்டிருக்க, கையால் மட்டும் துழாவி மிதக்கிறேன். லைஃப் ஜாக்கெட் நாடிவரை ஏறி வந்துவிட்டது. பலகையின் விளிம்பு மட்டும் முன்னால் வெளியே தெரிகிறது, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே படகு. கயிறு முதலில் தண்ணீரில் பாம்புபோல் வளைந்து கிடக்கிறது. பிறகு மெல்ல நேராகிறது. முறுகுகிறது. நேரானதும் அதிலிருந்து சின்னச் சின்னத் துளிகள் தெறிக்கின்றன. நான் தலையை ஆட்ட, பின்னால் பார்க்கிறவர் கையைத் தூக்க, எஞ்சின் உறுமுகிறது.

ஒன்பது தரம். ஒன்பதும் விழுந்தேன். எழும்ப ஆசைப்பட்டுக் கையை மடித்து இழுக்கிறேன், அதுதான் பிழை. "அக்கா, நீங்கள் இழுக்காதேங்கோ, படகு இழுக்கும், கதிரையில இருக்கிறமாதிரிச் சும்மா இருங்கோ!" தம்பி படகிலிருந்து கத்துகிறான். இழுத்தால் பலகை நிமிர்ந்து தண்ணீரைத் தடுக்கும், பாரம் கைக்கு வரும், கைபிடி பறிபோகும், மூக்குக்குள் தண்ணீர்.

விழுவது பயமில்லை. விழுந்த பிறகு வருகிற அந்த நேரம்தான். படகு உடனே நிற்காது, போய்த்தான் வளைத்து வரும். சத்தம் குறைந்து குறைந்து இல்லாமல் போகிறது. பிறகு நானும் தண்ணீரும் மட்டும். அரை நிமிடம் இருக்குமோ தெரியாது. கையைத் தூக்கிக் காட்டவேண்டும், சுகமாக இருக்கிறேன் என்பதற்கு அடையாளம். ஒன்பது தரமும் தூக்கினேன். படகில் இருந்தவரும் ஒன்பது தரமும் கையைத் தூக்கினார்.

ஏப்ரல் 6, இரவு

பேனை பிடிக்க முடியவில்லை. முன்கை இரண்டும் கல்லாக இருக்கிறது.

ஏப்ரல் 7

எழும்பினேன்.

காலை ஆறரை. காற்று எழும்ப முன்னர் போகவேண்டும் என்று பொடியன் சொல்லியிருந்தான். இரண்டாம் தரம். நான் ஒன்றும் செய்யவில்லை, உண்மையாகவே ஒன்றும் செய்யவில்லை. முழங்கால் நெஞ்சிலேயே இருந்தது, கை நீட்டியபடியே இருந்தது. பாதத்துக்குக் கீழே தண்ணீர் திடீரென்று கெட்டியானது. களிமண் நிலம்போல. நான் அதன்மேல் நின்றேன். பலகை தானாக நேரே திரும்பியது. படகு முன்னால், நான் அதற்குப் பின்னால் பதினைந்து மீற்றரில், மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் இருக்கும். முகத்தில் காற்று. கண்டல் மரங்கள் ஓடின. பிறகு குதிக்கால் பக்கத்து விளிம்பு தண்ணீரில் பிடித்து, பின்மண்டை அடிபட விழுந்தேன். தம்பி எண்ணியிருக்கிறான், பதினான்கு செக்கன்.

பதினான்கு செக்கன் தண்ணீருக்கு மேல்.

பின்னேரம் வேக்சர்ஃப். அதற்குப் படகு வேறு. எஞ்சின் உள்ளே இருக்கவேண்டும், புரொப்பெல்லர் படகின் வயிற்றுக்கு அடியில். ஏனென்றால் இதில் படகுக்கு மிகக் கிட்டே நிற்கிறோம். கயிறே ஆறு மீற்றர்தான். பலகையில் சப்பாத்தும் இல்லை, வெறுங்கால். வேகம் பதினெட்டுக்கு மேல் போகாது. ஒரு பக்கத்து அலை பெரிதாக வருவதற்காக அந்தப் பக்கம் பாரம் ஏற்றுகிறார்கள், எல்லாரையும் வலதுபக்கம் இருக்கச் சொன்னார்கள். படகு சரிந்து ஓடியது, பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஓர் அலை விடாமல் கூடவே வந்தது. கரைக்கு வந்து உடையாத அலை. அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

இது வேக்போர்ட்டைவிடச் சுகமாக வந்தது. மூன்றாம் தரம் நின்றேன். முன்காலில் கொஞ்சம் பாரம் கொடுக்கப் பலகை அலையில் வழுக்கி முன்னால் போனது. அப்போது பார்த்தேன், கையில் இருந்த கயிறு தொய்ந்து தண்ணீரைத் தொட்டது. இழுப்பே இல்லை. ஆனால் நான் போய்க்கொண்டிருந்தேன்.

"எறியுங்கோ அக்கா! எறியுங்கோ!"

எறியவில்லை. தொய்ந்த கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 8

விடியவிலிருந்து மழை. ஒருவரும் இறங்கவில்லை. இரவு பஸ்.

ஏப்ரல் 9

முன்கையில் நீலம் பாரித்திருக்கிறது, கயிறு உரசிய இடம். முழுக்கைச் சட்டை போட்டேன். கோப்பை எடுக்கக் கை நீட்டும்போது அம்மா கண்டுவிட்டா. "என்ன பிள்ளை உது?" பஸ்ஸில் இடித்துவிட்டது என்றேன். அம்மா நல்லெண்ணெய் சூடாக்கித் தடவிவிட்டா. மூன்று தரம். ஒவ்வொரு தரமும் பொய் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

எனக்கு முப்பத்தெட்டு வயது. வேலைக்குப் போகிறேன், வீட்டுக் கணக்குப் பார்க்கிறேன், அம்மாவின் மருந்து மாத்திரைகளை நான்தான் எண்ணி வைக்கிறேன். ஆனால் தண்ணீர் என்று வந்தால் மட்டும் எனக்குப் பதினேழு வயதுதான். அந்த 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. டவுனில் வீடு எடுத்தபோது அம்மா கேட்டது ஒன்றுதான், இரைச்சல் கேட்கக்கூடாது. பண்ணைப் பாலத்தால் போகும்போது இப்போதும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்ளுவா. அது முழங்கால் தண்ணீர் என்று எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. சின்னவளை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் முன்னால் பார்த்து ஓடினோம்.

சொன்னால் என்ன நடக்கும்? பேசமாட்டா. அதுதான் பிரச்சினை. ஒரு கிழமை, இரண்டு கிழமை ஒன்றும் பேசாமல் சமைப்பா. தம்பி போய்விடுவான், நான் அந்த வீட்டுக்குள் இருக்கவேண்டும். சொல்லாவிட்டால்? அவ கையால் எண்ணெய் தடவிவிடுகிறா.

ஏப்ரல் 10

தம்பி இதன் கதை சொன்னான். முதலில் நீர்ச்சறுக்குத்தான் இருந்ததாம். 1985இல் கலிபோர்னியாவில் டோனி ஃபின் என்பவர் அலைப்பலகையைச் சின்னதாக்கிப் படகுக்குப் பின்னால் கட்டி ஓடினார், ஸ்கர்ஃபர் என்று பெயர். ஆனால் அது மிதந்து கையை விட்டு வழுக்கும், தண்ணீருக்குள் அமர்த்தி வைத்து எழும்ப நல்ல பலம் வேண்டும். பிறகு ஹெர்ப் ஓ'பிரையன் என்பவர் தண்ணீருக்குள் சும்மா நிற்கிற பலகை செய்தார். துள்ளி மேலே வராது, தாழாது. அதன் பிறகுதான் எல்லோராலும் எழும்ப முடிந்தது.

நான் எழும்பியதற்கும் அந்த ஆள்தான் காரணம்.

ஏப்ரல் 11

தம்பிக்கு இங்கேயும் செய்து பார்க்கவேண்டுமாம். தன்னோடு படித்தவனின் படகு மண்டைதீவில் நிற்கிறது, நாற்பது குதிரைவலு எஞ்சின். நானும் போனேன். படகுக்காரரின் தகப்பன் வலை பொத்திக்கொண்டிருந்தார். தம்பி சொல்லி முடிக்கும்வரை ஊசியை நிறுத்தவில்லை.

"எங்க விழுவீர் தம்பி?"

"தண்ணீக்கதான்."

"எந்தத் தண்ணீக்க? உங்க பாரும், கொக்கு நிக்குது."

உண்மைதான். கூப்பிடு தூரத்தில் கொக்கு முழங்கால் நனையாமல் நின்றது. அங்காலே சிறகுவலைத் தடிகள் வரிசையாக. சில தடிகள் முறிந்து தண்ணீருக்குக் கீழே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது என்றார். பெந்தோட்டையில் நான் தலைகீழாக விழுந்தபோது அடி தட்டவில்லை, அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன். இங்கே அப்படி விழுந்தால் கழுத்து.

கயிற்றை நீளமாக விட்டு ஆழமான வாய்க்காலில் மட்டும் ஓடலாம் என்றான் தம்பி. அப்படியானால் வேக்சர்ஃபாவது, மெல்லத்தானே போகும் என்றான். அப்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. படகுக்குப் பின்னால் தொங்குகிற எஞ்சின், புரொப்பெல்லர் வெளியே சுற்றுகிறது, அதற்கு ஆறு மீற்றரில் வெறுங்காலோடு நீ நிற்பாயா? பெந்தோட்டையில் எனக்குச் சொல்லித்தந்தது நீதானே? அவன் ஒன்றும் பேசவில்லை. ஐயா என்னைப் பார்த்து, "பிள்ளை சொல்லுறதுதான் சரி" என்றார். வரும்போது ஒரு பை நண்டு தந்தார், காசு வாங்கவில்லை.

இங்கே ஏரி இல்லை. ஏரிபோல் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 12

பதினான்கு செக்கன். பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சந்தியிலிருந்து அடுத்த சந்திக்குக்கூடப் போகாது.

ஏப்ரல் 14, வருடப்பிறப்பு

அம்மா எங்கள் இரண்டு பேரின் தலையிலும் மருத்துநீர் வைத்தா. தம்பி குனிந்து நின்றான், அவனுக்கு இப்போது அவ்வளவு உயரம். என் முறை வந்தபோது நெற்றியால் வழிந்த நீரைக் கண்ணுக்குள் போகாமல் விரலால் துடைத்துவிட்டு, மெல்லக் கேட்டா.

"தண்ணீக்க இறங்கினனியோ?"

தம்பி அதற்குள் கிணற்றடிக்குப் போயிருந்தான்.

ஓம் அம்மா என்றேன்.

"தலைக்கு வார்த்துப்போட்டு வா" என்றா. கைவிசேடம் தந்தா. பொங்கல் தந்தா. வேறு ஒன்றும் பேசவில்லை.

ஏப்ரல் 15

பேசவில்லை.

ஏப்ரல் 16

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் இருந்தா. "படம் எடுத்தனியெல்லோ, காட்டு."

பதினான்கு செக்கன் வீடியோவைப் பார்த்தா. நான் எழும்பும் இடத்தில் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டா. விழுந்ததும், "பேந்து?" என்றா. பேந்து இல்லை, அதோடு வீடியோ முடிகிறது. திரும்பப் போடச் சொன்னா. ஐந்து தரம் போட்டோம்.

"விழுந்தாப் பிறகு ஆர் பாத்துக்கொண்டு நிண்டது?"

"நான் அம்மா" என்றான் தம்பி. "ஒட்டு மொத்தமா அக்காவை மட்டும்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"கண்ணை எடுக்கேல்லையோ?"

"எடுக்கேல்லை."

அம்மா கைத்தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு நெடுநேரம் அங்கேயே இருந்தா. மாத்திரை நேரம் தாண்டிவிட்டது, நானும் நினைவுபடுத்தவில்லை.

ஏப்ரல் 17

இன்றைக்கு மாம்பழம் வாங்கி வந்தா. கறுத்தக்கொழும்பான். எனக்குக் கொட்டையோடு பெரிய துண்டு.

ஏப்ரல் 19, சனி

தம்பிக்கு 21ஆம் திகதி பயணம். பெட்டி கட்டுகிறோம். மிளகாய்த் தூள் மூன்று கிலோ, ஒடியல் மா, பனங்கட்டி. பாரம் கூடிவிட்டது, ஒடியல் மாவைப் பாதியாக்கினோம்.

பின்னேரம் அம்மா தானாகக் கேட்டா, கசூரினாக் கரையில் ஆழம் எவ்வளவு என்று. தூரம் போனாலும் இடுப்புக்கு மேல் வராது அம்மா என்றேன். அலை? அலையும் பெரிதாக இல்லை. அம்மா யோசித்தா. நாளை ஞாயிறு, சனம் வரமுதல் போய் வந்துவிடலாம் என்றா. நீங்கள் இறங்குங்கோ, நான் கரையில இருந்து பாக்கிறன் என்றா.

தம்பி வானுக்குச் சொல்லிவிட்டான். ஐந்தரைக்கு வரும். கசூரினாக் கரை இருக்கிற காரைநகருக்குப் பண்ணைப் பாலத்தால் போகத் தேவையில்லை, மானிப்பாய்ப் பக்கத்தால் போகலாம்.

அம்மா பையில் இரண்டு துவாய் வைத்திருக்கிறா. இப்போது போய்ப் பார்த்தேன், மூன்று.