பி0453: சென்சாரை மாற்றியும் அணையாத விளக்கு

செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஸ்கேனரைச் செருகினேன், பி0453 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. எரிபொருள் ஆவி அழுத்த சென்சாரின் மின்னழுத்தம் அதிகம் என்று அதற்கு அர்த்தம்.

முதலில் நான் செய்தது பெட்ரோல் டேங்க் மூடியை மாற்றியது. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள். பி0442, பி0455 போன்ற கசிவுக் கோடுகளுக்கு அது பொருந்தும். இந்தக் கோடுக்கும் மூடிக்கும் சம்பந்தமே கிடையாது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. கோடை அழித்தேன். சாவியைத் திருப்பிய கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டது. கசிவு என்றால் இவ்வளவு சீக்கிரம் வராது, அதைக் கண்டுபிடிக்கவே வண்டி தனியாக ஒரு சோதனை ஓட்டிப் பார்க்க வேண்டும். உடனே வருகிறது என்றால் மின்சாரக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த சென்சார் டேங்குக்குள் இருக்கும் ஆவியின் அழுத்தத்தை வெளிக்காற்றோடு ஒப்பிடும். மூடியைக் கழற்றினால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். அப்போது என் வண்டியில் சுமார் 2.5 வோல்ட் காட்ட வேண்டும். எல்லா வண்டிக்கும் இதே எண் இல்லை, அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்கேனர் திரையில் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார் அந்த நேரம் அனுப்பும் அளவைப் பார்த்தேன். 4.8 வோல்ட், அசையவே இல்லை.

பின் சீட்டைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி, அதன் கீழே டேங்கின் தலையில் சென்சார். மூன்று ஒயர்கள்: 5 வோல்ட் வருவது ஒன்று, சிக்னல் ஒன்று, எர்த் ஒன்று. கனெக்டரைப் பிடுங்கி, 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். 5.0 காட்டியது. ஒயர்கள் சரி, சென்சார்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். புதுசு வாங்கி மாட்டினேன். மூடி திறந்திருக்க, திரையில் அதே 4.8.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கனெக்டரைக் கழற்றி வைத்துப் பார்க்கும்போது ஒயரில் மின்சாரம் ஓடுவதே இல்லை, மீட்டர் இழுப்பது ஒன்றுமில்லாத அளவுதான். எர்த் ஒயர் எங்கேயோ பாதி அரித்துப்போய் மின்தடை ஏறியிருந்தாலும் மீட்டர் 5.0 என்றுதான் சொல்லும். சென்சாரை மாட்டி, அது கொஞ்சம் மின்சாரம் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இந்த ஒரு விஷயம் முன்பே உறைத்திருந்தால் சென்சார் வாங்கியிருக்க மாட்டேன்.

மறுநாள் கனெக்டரை மாட்டியபடியே விட்டு, பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன். நல்ல எர்த் என்றால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கே 4.3! அதாவது சென்சாருக்குக் கிடைத்ததே முக்கால் வோல்ட்டுக்கும் குறைவு. பட்டினியாகக் கிடந்தால் பாவம் அது என்ன அளக்கும்? சிக்னல் மேலே போய் ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் கிடைத்தது. உறுதிப்படுத்திக்கொள்ள, எர்த் பின்னிலிருந்து நல்ல எர்த் இடம் ஒன்றுக்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் இழுத்தேன். திரையில் சட்டென்று 2.5.

அப்புறம் எர்த் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். பின் சக்கரத்தை ஒட்டி, சேறு தெறிக்கிற இடத்தில் ஒரு இணைப்பு கனெக்டர். பிரித்தால், ஒரு பின் முழுக்கப் பச்சைப் பூ பூத்திருந்தது. அதன் ரப்பர் சீல் கிழிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் எடுப்பது கொள்ளி எடுத்துத் தலையைச் சொறிகிற வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அரித்த துண்டை வெட்டி எறிந்து, புது பின்னை கிரிம்ப் செய்து, அதாவது இடுக்கியால் நசுக்கி ஒயரில் பிடிக்கவைத்து மாட்டினேன். சீலையும் மாற்றினேன். எர்த்தில் இப்போது 0.02 வோல்ட்.

கோடை அழித்ததும், வண்டி தானே செய்துகொள்ளும் ஆவிக் கசிவுச் சோதனையின் நிலை ஸ்கேனரில் ‘முடியவில்லை’ என்று மாறிவிடும். அது தானாக ஓடி முடிய, எஞ்சின் நன்றாக ஆறியிருந்து கிளப்ப வேண்டும், டேங்கும் ரொம்பக் காலியாகவோ முழுக்க நிறைந்தோ இருக்கக் கூடாது. நான் இதைக் கவனிக்காமல் டேங்கை நிரப்பிவிட்டு நாலு நாள் காத்திருந்தேன். பாதிக்கு இறங்கிய பிறகு ஒரு காலை ஓட்டத்தில் ‘முடிந்தது’ என்று வந்தது.

ஒரு சந்தேகத்துக்குப் பழைய சென்சாரையும் மாட்டிப் பார்த்தேன். மூடி திறந்தால் 2.5 வோல்ட். இப்போது வண்டியில் ஓடுவது அதுதான், புதுசு டப்பாவோடு அலமாரியில் இருக்கிறது.