மண்டபத்து எமர்ஜென்சி லைட்டும் சாவி சுவிட்சும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் எமர்ஜென்சி லைட் வயரிங்கைப் புதிதாகச் செய்து, சோதனையும் முடித்துக் கொடுத்தோம். இதே வேலையைக் கையில் எடுப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஆடி மாதத்தில்தான் வேலையை வைத்துக்கொண்டோம். நமக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். இரண்டு பக்கமும் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள், மண்டபம் காலியாகக் கிடக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேகமெடுத்துத் தென்னை மட்டை லைனில் விழுந்து கரண்ட் போவதும் அந்தச் சமயத்தில்தான்.

முதலில் மண்டபத்துக்காரர் கேட்டது இதுதான்: “ஜெனரேட்டர்தான் இருக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க இத்தனை லைட்டு?”

“அண்ணா, ஜெனரேட்டர் மெயின் சப்ளை போனாத்தான் கிளம்பும். மாடிப்படி லைட்டோட எம்சிபி மட்டும் ட்ரிப் ஆச்சுன்னா அதுக்கு எப்படித் தெரியும்?” என்றேன். எம்சிபி என்பது, கோளாறு வந்தால் தானாக விழுந்து அந்த ஒரு சர்க்யூட்டின் கரண்டை மட்டும் நிறுத்தும் சுவிட்சு. மாடியில் பந்தி நடக்கிறது, ஹாலில் ஏசி ஓடுகிறது, படி மட்டும் இருட்டு. சாப்பிட்டு இறங்கும் பெரியவர்களையும் ஓடிவரும் குழந்தைகளையும் நினைத்துப் பாருங்கள். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

வயரிங் முழுவதும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் அமைய வேண்டும். எமர்ஜென்சி லைட்டுக்குப் போகும் பேஸை (கரண்ட் வரும் வயரை) அந்தந்த இடத்து லைட் சர்க்யூட்டிலிருந்தே எடுக்க வேண்டும். எம்சிபிக்குப் பிறகு, சுவர் சுவிட்சுக்கு முன்னால். சுவிட்சுக்குப் பிறகு எடுத்தால், லைட்டை அணைக்கும்போதெல்லாம் எமர்ஜென்சி எரிந்து பேட்டரி காலியாகும். எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியில் தனி எம்சிபி போட்டு அதிலிருந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் படி லைட் அணைந்தது அந்த எமர்ஜென்சிக்குத் தெரியவே தெரியாது.

அந்தப் பேஸின் வழியில்தான் சோதனைக்கான சாவி சுவிட்சு உட்காருகிறது. சாவியைத் திருப்பினால் எமர்ஜென்சிக்குப் போகும் பேஸ் மட்டும் அறுபடும். அது கரண்ட் போனதாக எண்ணி பேட்டரியில் எரியும். சாதாரண லைட்டுகள் அப்படியே எரிந்துகொண்டிருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும்போதும் சோதிக்கலாம். சாதாரண சுவிட்சைப் போட்டால் யாராவது அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பேட்டரி தீர்ந்து, பிறகு சார்ஜும் ஏறாமல், விளக்கு வெறும் டப்பாவாகத் தொங்கும்.

சாவி சுவிட்சிலும் வித்தியாசம் உண்டு. சில வகையில் எந்த நிலையிலும் சாவியை உருவிவிடலாம். டெஸ்ட் நிலையில் விட்டுவிட்டுச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனாலும் தடுக்க ஒன்றுமில்லை. பேனல் போர்டில் போடும் சாவி செலக்டரில் ஒரே நிலையில் மட்டும் சாவி வெளியே வரும் வகை கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கினோம். சாவி வெளியே வரும் நிலையில் கான்டாக்ட் மூடியிருக்கும்படி இணைத்தோம். சாவி ஆபீஸ் ஆணியில் தொங்கினால் எல்லா விளக்குக்கும் பேஸ் போகிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் ஒரே சாவி போதாதா என்று மண்டபத்துக்காரர் கேட்டார். வெவ்வேறு சர்க்யூட்டின் பேஸ்களை ஒரு கான்டாக்டில் சேர்த்தால், ஒரு எம்சிபியை இறக்கினாலும் இன்னொன்றின் வழியாக வயரில் உயிர் இருக்கும். வேலை செய்யும் ஆளுக்கு ஆபத்து, படி இருண்டாலும் எமர்ஜென்சி எரியாது. அதனால் சர்க்யூட்டுக்கு ஒரு சுவிட்சு என்று டிபி பக்கத்தில் வரிசையாகப் போட்டு, தமிழிலும் மலையாளத்திலும் பெயர் ஒட்டினோம்.

பழைய வயரிங்கில் ஒரு தொல்லை காத்திருந்தது. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சப்ளையை நிறுத்தும் ஆர்சிசிபியைப் புதிதாகப் போட்டதும், படி லைட்டைப் போட்டாலே அது ட்ரிப் ஆனது. தேடிப் பார்த்தால், படியின் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) டைனிங் ஹால் சர்க்யூட்டிலிருந்து வந்திருந்தது. எப்போதோ யாரோ கைக்குக் கிடைத்த நியூட்ரலில் முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தனி நியூட்ரல் இழுத்த பிறகுதான் நின்றது. பேஸ் எந்தச் சர்க்யூட்டோ நியூட்ரலும் அதே சர்க்யூட். இதில் சமரசம் கூடாது.

சோதனைக்கு வருவோம். விளக்குகளைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்தோம். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் விடக்கூடாது. விளக்கை மாட்டிக்கொண்டே மெக்கர் வைத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு கெட்டுப்போகலாம். சாவி அறுப்பது பேஸைத்தானா, நியூட்ரலையா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டோம். பிறகு 24 மணி நேரம் சார்ஜ்.

அடுத்து ஒவ்வொரு சாவியாகத் திருப்பினோம். எல்லாம் எரிந்தன. அதோடு நிறுத்திவிட்டால் பாதிச் சோதனைதான். ஒவ்வொரு லைட் எம்சிபியையும் இறக்கி, அந்தப் பகுதி எமர்ஜென்சி தானாக எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சாவி காட்டாத வயரிங் தப்பை எம்சிபி காட்டிக்கொடுக்கும்.

நேரச் சோதனைதான் பொறுமையைக் கேட்பது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, சின்னக் கட்டடமானாலும் ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும் என்கிறது. இருட்டிய பிறகு எல்லாச் சாவியையும் திருப்பி, சாதாரண லைட்டையும் அணைத்துவிட்டு, நோட்டும் கையுமாகச் சுற்றி வந்தோம். விளக்குகளுக்கு நம்பர் போட்டிருந்ததால் குறிப்பது சுலபம். படித் திருப்பத்தில் இருந்த புது விளக்கு பாதி நேரத்திலேயே மங்கி அணைந்தது. சாவியைத் திருப்பும்வரை அதன் பச்சை எல்இடி அழகாக எரிந்துகொண்டிருந்தது! பச்சை விளக்கு சார்ஜ் ஏறுவதை மட்டும்தான் சொல்லும், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்லாது. கூடவந்த தம்பி, “அண்ணா, ஒரு நிமிசம் மட்டும் பார்த்திருந்தா இது பாஸ் ஆயிருக்குமே” என்றான். அவன் சொன்னது முழு உண்மை. அதற்குப் பேட்டரி மாற்றி, சார்ஜ் ஏற்றி, மறுபடி முழு நேரமும் ஓட்டிய பிறகே கையெழுத்துப் போட்டேன்.

இப்போது மாதம் ஒருமுறை மேனேஜரே சாவியைத் திருப்பி, எல்லாம் எரிகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுகிறார். வருடத்துக்கு ஒருமுறை ஆடியில் முழு நேரச் சோதனை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அதை வைக்கவே கூடாது, பேட்டரி திரும்ப நிறைய ஒரு நாள் வேண்டும். நிக்கல் காட்மியம் பேட்டரி என்றால் நாலு வருடம் வரை எதிர்பார்க்கலாம். மாட்டிய தேதியை ஒவ்வொரு விளக்கின் மேலும் மார்க்கரில் எழுதியிருக்கிறோம்.