கொம்பு முன்னால் வந்தது: அம்மாவின் பாட்டுப்பெட்டி, மூன்றாம் கட்டம்

நேற்று விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையலறையிலிருந்து சீர்காழி கோவிந்தராஜன் குரல் கேட்டது. நான் எழுந்திருக்கவே இல்லை, என் போன் தலைமாட்டில்தான் கிடந்தது. நான் செய்து கொடுத்த பாட்டுப்பெட்டியின் திருகை (சுழற்றும் குமிழை) அம்மாவே திருப்பி, பாடகர் பட்டியலில் 'ச' வரிசைக்குப் போய், சீர்காழியைப் பிடித்து, அழுத்திப் போட்டிருக்கிறார். எட்டு மாதமாக இந்த ஒரு காலைக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதல் இரண்டு கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினி (இனி வெறும் 'பை'), அதன் மேல் மியூசிக் பிளேயர் டீமன், சுருக்கமாக எம்.பி.டி. ஒலிக்கு பிசிஎம்5102 பலகை, அங்கிருந்து வீட்டில் ஏற்கெனவே இருந்த பழைய ஸ்பீக்கர். எம்.பி.டி. 2003-லிருந்து இருக்கிற மென்பொருள். பாட்டைப் பாட வைப்பதில் அதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதற்கென்று சொந்தத் திரை கிடையாது, பொத்தான் கிடையாது. 6600 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க் வாசலில், கேட்டுக்கொண்டிருக்கும், யார் வேண்டுமானாலும் கட்டளை அனுப்பலாம். நான் இதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அம்மாவுக்கு ஏற்ற முகத்தை நானே செய்து ஒட்டிவிடலாம்.

முதலில் டேப்லெட்டில் தயார் செயலிகளைப் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். எம்.பி.டி.யில் ரேண்டம், ரிப்பீட், சிங்கிள், கன்ஸ்யூம் என்று நான்கு நிலைகள் உண்டு. அம்மாவின் விரல் ஒருமுறை கன்ஸ்யூமில் பட்டுவிட்டது. பாடி முடித்த பாட்டெல்லாம் ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து காணாமல் போக, "பாட்டெல்லாம் அழிஞ்சு போச்சு கண்ணு, நான் எதையோ அமுத்திப்போட்டேன்" என்று அன்று முழுக்க அதைத் தொடவே இல்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தொட்டால் போய்விடும் என்று பயப்பட வைக்கிற பொத்தானை அங்கே வைத்ததுதான் தப்பு. இப்போது பெட்டி கிளம்பும்போதெல்லாம் என் நிரல் முதலில் அந்த நான்கு நிலைகளையும் தானே சரிப்படுத்திவிடும்: ரிப்பீட் மட்டும் இருக்கும், மற்ற மூன்றும் அணைந்திருக்கும். மாற்ற வழியே கிடையாது. ஒலியளவும் 25-க்குக் கீழே இறங்காது. அம்மா திருகை முழுக்கக் குறைத்து வைத்துவிட்டு, "பெட்டி ரிப்பேர்" என்று இரண்டு முறை சொன்ன பிறகு வைத்த கட்டுப்பாடு அது.

இனி இந்தக் கட்டத்தில் என் உயிரை எடுத்த விஷயம்: திரையில் தமிழ்.

2.42 அங்குல ஓஎல்இடி, 128 புள்ளி அகலம், 64 புள்ளி உயரம், எஸ்எஸ்டி1309 சில்லு. அதற்கு முன்பு வாங்கிய 0.96 அங்குலத் திரை, கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த கண்ணுக்கு உதவவில்லை. புதுத் திரையில் முதல் பட்டியல் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன கண்ணு, கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால நிக்குது?"

நின்றது. 'கே' என்பதில் க முதலில், இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னால். 'கு' என்பது க தனி, கீழ்ச்சுழி தனி. 'கோவிந்தராஜன்' என்ற பெயரில் முதல் எழுத்தே சிதறிக் கிடந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அம்மா. அச்சில் வந்த தமிழ் என்றால் அவருக்கு நாளிதழும் பஞ்சாங்கமும்தான். அதில் கொம்பு முன்னால்தான் இருக்கும். பின்னால் இருந்தால் அது வேறு எழுத்து, அவ்வளவுதான்.

இதே நிரல் என் மடிக்கணினியில் ஒழுங்காகத் தமிழ் காட்டியது, அதே எழுத்துரு, அதே வரி. பை-யில் மட்டும் உடைந்தது. எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித், கேட்டமரான், முக்த மலர் என்று நான்கை மாற்றினேன். எல்லாவற்றிலும் அதே உடைசல். பிறகு, வேண்டாத வேலையாக, கொம்பை நானே முன்னால் நகர்த்தும் ஒரு சிறு நிரல் எழுதினேன். 'கெ', 'கே', 'கை' மூன்றும் சரியாயின. 'கொ'வை கொம்பு, க, கால் என்று பிரித்துப் போட்டேன், அதுவும் சரி. ஆனால் கு, கூ, டி, டீ? அங்கே எழுத்தும் குறியும் சேர்ந்து புது வடிவமாகின்றன. அந்த வடிவம் எழுத்துருவுக்குள் இருக்கிறது, ஆனால் அதைத் தேடி எடுக்க ஆள் இல்லை. பதினோரு இரவு இதிலேயே போனது.

ஆள் யார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். பைத்தான் நிரல்மொழியில் படம் வரையும் பில்லோ நூலகம், ராக்ம் என்ற இடைநூலகம் வழியாக ஹார்ஃப்பஸைக் கூப்பிடும். பில்லோ 8.2-லிருந்து ராக்ம் கூடவே வருகிறது என்பதால் எனக்கு அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. பன்னிரண்டாவது இரவு, பில்லோவிடமே 'ராக்ம் இருக்கிறதா' என்று கேட்கிற ஒரு வரியைப் போட்டேன். 'இல்லை' என்றது.

காரணம் ஃப்ரிபிடி. கூடவே வருகிற ராக்ம், ஓடும் நேரத்தில் ஃப்ரிபிடி நூலகத்தைத் தேடும். அது கணினியில் இல்லையென்றால் ராக்மும் இல்லை என்று கணக்கு. பில்லோ சத்தமே போடாமல் எளிய முறைக்கு இறங்கிவிடும், எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடும். ஃப்ரிபிடி எதற்கானது என்றால், அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளை வரிசைப்படுத்த. தமிழுக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. மடிக்கணினியில் டெஸ்க்டாப்போடு சேர்ந்து அது முன்பே இருந்தது. பை-யில் நான் போட்டது டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு, அதில் இல்லை. ஃப்ரிபிடி என்ற அந்த ஒரே ஒரு மென்பொருள் பொட்டலத்தை நிறுவினேன். கொம்பு முன்னால் வந்து நின்றது. இரவு ஒன்றரை மணி, எழுப்பிக் காட்ட ஆள் இல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைச் செய்கிறவர்கள் எழுத்துருவை மாற்றுவதற்கு முன்பு அந்த ஒரு வரிக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். எளிய முறைக்கு இறங்கும்போது பில்லோ ஓர் எச்சரிக்கை காட்டியிருந்தால் எனக்குப் பதினோரு இரவு மிச்சம். ஆங்கிலத்தில் எதுவுமே உடையாது என்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்து அளவு. ஒரு புள்ளி எரியும் அல்லது அணையும், நடுவே சாம்பல் நிறம் இல்லாத வரைவுமுறை. ஆங்கில எழுத்து 12 புள்ளியிலேயே படிக்க வரும். தமிழுக்கு மேலே மெய்ப்புள்ளி, மேல்விலங்கு; கீழே சுழி. 'பூங்குழலி' என்ற சொல்லைச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன், மேலும் கீழும் எல்லாத் தொல்லையும் அதில் இருக்கிறது. எழுத்தளவு 20-இல் 'ங்' என்பதன் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டு 'ங' போலத் தெரிந்தது. 26-இல் முக்த மலரில் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அந்த ஒரு கோடு போதும், அம்மா தடுமாறாமல் படித்தார். 64 புள்ளி உயரத்தில் இரண்டு வரிதான் கொள்கிறது: மேலே இப்போதைய பெயர், கீழே அடுத்த பெயர். மூன்று வரி வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டேன்.

எழுத்து தெரிந்ததும் அடுத்த சிக்கல் தெரிந்தது. டி.எம்.சௌந்தரராஜன் பட்டியலில் இரண்டு முறை வந்தார். உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் 'சௌ', இன்னொன்றில் ஒற்றைக் கொம்பு போட்ட 'செ', பக்கத்தில் 'ள'. தட்டச்சு செய்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டு பாடகர்கள். 'பௌர்ணமி', 'கௌரி' எல்லாவற்றிலும் இதே கதை. யூனிகோட் சீராக்கம் இங்கே கைகொடுக்காது. அது 'கொ'வை ஒரே குறியாகவும் இரண்டு குறியாகவும் எழுதியதைத்தான் ஒன்றாக்கும். இங்கே எழுத்தே வேறு. அதனால் எ-கரம் ஏறிய எழுத்தை அடுத்து 'ள' வந்து, அதற்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லையென்றால் எனக்குக் காட்டு என்று ஒரு விதி போட்டேன். 1,140 பாட்டில் 63 இடம் சிக்கியது. தானாக மாற்ற விடவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றினேன். 'ஸ்ரீ'யும் இப்படித்தான்: பழைய 'ஸ'வில் எழுதியது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் எழுதியது ஒன்று. திரையில் இரண்டும் ஒரே முகம்.

வரிசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யூனிகோட் எண் வரிசையில் 'ன' வந்து 'ந'வை ஒட்டி உட்கார்ந்திருக்கும், 'வ' போய் 'ழ'வுக்குப் பின்னால் நிற்கும். புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால் இருப்பதால் 'கணபதி' முன்பும் 'கண்ணன்' பின்பும் வரும். அகராதியில் நேர் எதிர். 12 உயிர், ஆய்தம், 18 மெய், அதற்குப் பின் கிரந்தம் என்று நானே அட்டவணை எழுதி, மெய்யை உயிர்மெய்க்கு முன்னால் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. அம்மாவிடம் கொடுத்து, "ஜானகியம்மா பாட்டு ஒண்ணு போடுங்கம்மா" என்றேன். திருகைத் திருப்பி 'ச'வில் நின்றார். பிறகு ஒன்று தள்ளினார், 'ஞ'. திரும்ப 'ச'. அவருக்கு 'ஜ' என்பது 'ச'வின் பக்கத்து வீடு. அகராதிப்படி நான் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருந்தேன். அன்றே 'ஜ'வை 'ச'வுக்கு அடுத்து மாற்றினேன். அந்த ஓர் எழுத்தில் யூனிகோட் வரிசைதான் அம்மாவின் வரிசை. மற்ற கிரந்த எழுத்துகள் கடைசியிலேயே இருக்கட்டும், அவற்றில் அவர் தேடுவது எதுவும் இல்லை.

பட்டியல் கடைசிக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும், சுற்றிக்கொண்டு மறுபடி 'அ'வுக்கு வராது. பழைய ரேடியோ முள் போல, ஓரம் என்று கைக்குத் தெரிய வேண்டும். பாட்டு இல்லாத எழுத்து பட்டியலிலேயே வராது.

திருகு பற்றி ஒரு வார்த்தை. கேஒய்-040 வகைதான், முழுச் சுற்றுக்கு 20 சொடுக்கு கொண்டது. பைத்தானில் நானே பின்களைக் கவனித்தபோது வேகமாகத் திருப்பினால் மூன்றில் ஒன்று தவறியது. இயங்குதளத்தின் கருவான கர்னலில் இதற்கென்றே உள்ள ரோட்டரி என்கோடர் ஓவர்லேயிடம் விட்டதும் தவறுவது நின்றது. 3.3 வோல்ட்டில்தான் கொடுக்க வேண்டும், அந்தப் பலகையின் இழுமின்தடைகள் கொடுக்கிற மின்னழுத்தத்தைத்தான் பின்னுக்கு அனுப்பும், பை-யின் பின் 5 வோல்ட் தாங்காது. முதல் திருகு காந்திபுரத்தில் ஒரு கடையில் வாங்கியது. ஒரே வாரத்தில் தண்டு ஆட ஆரம்பித்தது. மாற்றிக் கேட்டதற்கு, "எலக்ட்ரானிக்ஸ்ல ரிட்டன் இல்லீங்க" என்று விட்டார்கள். அடுத்தது இணையத்தில் ஐந்தாக வாங்கினேன். அதில் இரண்டு சொடுக்குக்கு ஒரு நகர்வுதான் வந்தது. அந்த ஓவர்லேயில் ஒரு மின்துடிப்புச் சுழற்சிக்கான படிகளை (steps-per-period) 1-லிருந்து 2 ஆக்கியதும் சொடுக்குக்கு ஒன்றாக வந்துவிட்டது. சென்னை போகிறவர்கள் ரிச்சி தெருவில் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். தண்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மின்சாரம்: அம்மா சுவிட்சைத்தான் அணைப்பார், அதை மாற்றச் சொல்ல நான் தயாரில்லை. எழுதும்போது மின்சாரம் போனால் கார்டு கெடலாம், அதனால் எஸ்டி கார்டு முழுவதையும் எழுத முடியாத முறையில் வைத்துவிட்டேன். பாட்டுகளும் எம்.பி.டி.யின் நிலைக்கோப்பும் பென் டிரைவில். நிலையை எழுதும் இடைவெளி வழக்கமாக 120 விநாடி, அதை 20 ஆக்கினேன். நிறுத்திய பாட்டு கிட்டத்தட்ட நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்குகிறது. 1950-களின் மெல்லிய பதிவும் இப்போதைய உரத்த பதிவும் அடுத்தடுத்து வந்து காதை அடிப்பதை ஆர்எஸ்கெயின் என்ற ஒலியளவுச் சமன் நிரலைப் போட்டு ஒருமுறை ஓட்டிச் சமன் செய்தாகிவிட்டது.

பெட்டி இன்னும் முடியவில்லை, ஆனால் மனம் அடுத்ததுக்குத் தாவுகிறது. மேலே வைத்த அட்டையை அடையாளம் காணும் ஆர்சி522 வாசிப்பானும் சில அட்டைகளும் வந்து கிடக்கின்றன. பெரியம்மாவுக்குப் படிக்க வராது, அவருக்கு எழுத்துப் பட்டியலால் பயனில்லை. முருகன் படம் ஒட்டிய அட்டையை மேலே வைத்தால் முருகன் பாட்டு, எடுத்தால் நிற்க வேண்டும். வைத்தால் பாடுவது வந்துவிட்டது. எடுத்தால் நிற்பது இன்னும் நம்பகமாக இல்லை, அட்டை இருக்கும்போதே நடுவில் ஒரு நொடி விட்டுப் போகிறது. அதோடு, அந்தத் தமிழ் வரிசை அட்டவணையையும் 'சௌ' விதியையும் தனியாகப் பிரித்து ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிடப் போகிறேன். எந்தப் பிளேயரிலும் செருகிக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

பெட்டி இப்போதைக்குச் செருப்பு வந்த அட்டைப்பெட்டிதான். தச்சர் தேக்குத் துண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். முன்பலகையை மெல்லியதாகக் கேட்டிருக்கிறேன், திருகுக்கு 7 மி.மீ. துளை. பலகை கனமானால் மரை வெளியே எட்டாது, நட்டு மாட்ட முடியாது. துளையை எந்தப் பக்கம் போடுவது என்று அம்மாவைக் கேட்டேன். அடுப்புப் பக்கம் நின்று, வலது கையில் கரண்டியைப் பிடித்தபடி, இடது கையை நீட்டிக் காட்டினார். இடப்பக்கம்தான்.