கறுத்த கான்கிரீட்டுக்குள் ஒரு பீங்கான் மாளிகை: ஹுவேயின் காய் டின் கல்லறை

வியட்நாமின் ஹுவே நகருக்குப் போகிறவர்கள் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஊருக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில், மலைச்சரிவில், பேரரசர் காய் டின்னின் கல்லறை இருக்கிறது. நேற்றுதான் போய் வந்தேன், இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நுழைவுச்சீட்டு 1,50,000 டாங், நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கம். கோட்டை, மின் மாங் என்ற இன்னொரு பேரரசரின் கல்லறை இரண்டையும் சேர்த்து ஒரே சீட்டாகவும் வாங்கலாம். மூன்றும் பார்ப்பதென்றால் அதுதான் லாபம்.

சீட்டில் மிச்சம் பிடித்ததை வண்டிக்காரர் பிடுங்கிக்கொண்டார். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்றுதான் பேச்சு. கல்லறை வாசலில் இறங்கியதும், காத்திருப்புக்குத் தனி என்று கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டுகிறார். பேசியதில் பாதி! அவர் ஒரு பக்கம் கைப்பேசியில் மொழிபெயர்க்க, நான் ஒரு பக்கம் மொழிபெயர்க்க, உச்சி வெயிலில் இந்தச் சண்டை தேவையா? கொடுத்துத் தொலைத்தேன். செயலியில் வண்டி பிடியுங்கள். கட்டணம் முன்னாடியே திரையில் வந்துவிடும்.

சரி, கல்லறைக்கு வருவோம். கீழிருந்து பார்த்தால் மனதில் ஒட்டாது. மின் மாங் கல்லறையில் குளமும் மரமுமாகக் கண் குளிர்ந்துவிடும். இங்கே எல்லாம் கான்கிரீட், மழையிலும் பாசியிலும் கறுத்துப்போனது. இருபுறமும் டிராகன்கள் வளைந்து இறங்கும் படிகள், கல்லில் நிற்கும் அதிகாரிகள், குதிரைகள், யானைகள். மொத்தம் 127 படிகள், நிழல் குறைவு. தண்ணீர் இல்லாமல் ஏறாதீர்கள்.

மேலே தியன் டின் மாளிகைக்குள் காலை வைத்ததும் மூச்சே நின்றுவிட்டது. சுவரில் ஒரு சாண் இடம்கூட வெறுமையாக இல்லை. பீங்கானையும் வண்ணக் கண்ணாடியையும் உடைத்து, சில்லு சில்லாகப் பதித்திருக்கிறார்கள். மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பாருங்கள். கிண்ணத்தின் வளைந்த சில்லு பூவிதழின் புடைப்பாகிறது, தட்டின் நீலக்கோடு ஓர் இலைக்கு நரம்பாகிறது. வழக்கமான பூக்கள், பறவைகள் நடுவே டென்னிஸ் மட்டையும் அலாரக் கடிகாரமும் இருக்கின்றன! மேலைநாட்டுப் பொருள்கள்மேல் அரசருக்கு அவ்வளவு மோகம். கூரையில் மேகத்துக்குள் ஒன்பது டிராகன்கள். ஓவியர் இவற்றைக் காலால் வரைந்தார் என்று இங்கே ஒரு கதை உண்டு.

நடுவில் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலையாக அரசர் வீற்றிருக்கிறார். அவர் உடல் இருப்பது அதற்கடியில், ஆழத்தில். தலைக்கு மேலுள்ள விதானம் பட்டுத்துணி மாதிரி மடிந்து தொங்குகிறது. அதுவும் கான்கிரீட்தான் என்றால் நம்பவே முடியாது.

ஆனால் அரசர்மேல் எனக்கு மரியாதை வரவில்லை. 1916 முதல் 1925 வரை பிரெஞ்சுக்காரர்களின் கைப்பாவையாக இருந்தவர், இந்தக் கல்லறைக்காக வரியை 30 சதவீதம் ஏற்றினார். 1920இல் தொடங்கிய வேலை, அவர் இறந்த பிறகு மகன் பாவோ டாய் காலத்தில், 1931இல்தான் முடிந்தது. அத்தனை வருடம் உட்கார்ந்து சில்லு பதித்தார்களே, கும்பிட வேண்டியது அந்தக் கைகளைத்தான்.

அப்புறம் சாப்பாடு. ஊர் திரும்பி ஒரு சந்துக்கடையில் பான் பேயோ சாப்பிட்டேன். குட்டிக் குட்டித் தட்டுகளில் ஆவியில் வெந்த அரிசி மாவு, மேலே உலர்ந்த இறால் தூள், மொறுமொறுவென்று பன்றித்தோல் வறுவல், ஊற்றிக்கொள்ள மீன் சாறு. வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. வண்டிக்காரர் கூடுதலாகக் கறந்த பணத்தில் இதை வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கலாம். சைவக்காரர்களும் கவலைப்பட வேண்டாம், பௌத்தர்கள் நிறைந்த ஊர் என்பதால் ‘சாய்’ என்று பலகை மாட்டிய சைவக் கடைகள் தாராளமாக உண்டு.

கையில் காசு குறைவு, ஒரே ஒரு கல்லறைதான் பார்க்க முடியும் என்றால் யோசிக்காமல் இதற்கே போங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குமுன், காலையிலேயே.